தொப்பூர் மேட்டில் பொசுக்கென்று நின்ற அம்பாசிடர்: பெட்ரோலா, கரண்டா?

சேலம்_மார்க்3
வண்டி 1977 மார்க் 3 அம்பாசிடர். 1489 சிசி பெட்ரோல், எஸ்.யூ. கார்புரேட்டர், இன்ஜின் ஓரத்தில் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்ப். ஞாயிறு மத்தியானம் தருமபுரி போகும் வழியில், தொப்பூர் மேட்டில் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். இழுப்பு, உதறல் எதுவும் இல்லை. சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி இன்ஜின் நின்றுவிட்டது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் ஓரங்கட்டிவிட்டு செல்ஃப் அடித்தால் உடனே பிடித்தது, வீடு வரை ஒழுங்காக வந்தது. டெம்பரேச்சர் முள் நடுவில்தான். டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல். மெக்கானிக், பொறிக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலையும் ஏ.சி. பம்பையும் சேர்த்தே மாற்றிவிடலாம் என்கிறார். எதில் ஆரம்பிக்கலாம்?

கார்ப்_ரசிகன்
வேப்பர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பது, வேறொன்றும் இல்லை. இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். சூடு நேராக மேலே ஏறி, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பவுலைத்தான் தாக்கும். மே மாத வெயிலில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால் பானட்டுக்குள் காற்றோட்டமே இருக்காது. போதாக்குறைக்கு இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலந்தால் பெட்ரோலின் ஆவி அழுத்தம் கூடும், பைப்பிலேயே குமிழி கட்டிவிடும். ஆறியதும் பிடித்தது என்று நீங்களே சொல்கிறீர்கள், இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஏ.சி. பம்ப் மேல் ஈரத்துணி போட்டு ஓட்டிய காலமெல்லாம் மறந்துபோயிற்றா?

பாயிண்ட்_கேப்
ஈரத்துணிக்கு முன்னால் அவர் எழுதியதை ஒருமுறை படியுங்கள் சார். "சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி." பெட்ரோல் குறைந்து நிற்கும் இன்ஜின் அப்படி நிற்காது. பவுலில் மீதி இருப்பதைக் குடித்து முடிக்கும்வரை இழுக்கும், விடும், கார்புரேட்டர் வழியாகத் தும்மும், பிறகுதான் அடங்கும். நான்கு சிலிண்டரும் ஒரே நொடியில் செத்தால் நான்குக்கும் பொதுவான இடத்தில் கரண்ட் அறுந்திருக்கிறது: காயில், கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காப்பது), பாயிண்ட் (கரண்டை விட்டுவிட்டு அறுத்துப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை), ரோட்டர் (பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துவிடுவது), அல்லது இவற்றுக்கு நடுவில் ஏதோ ஒரு வயர். சூட்டில் செத்து ஆறினால் உயிர் பெறுவது இவற்றுக்கும் உள்ள குணம்தான். காயிலுக்குள் சுற்று சூட்டில் விரிந்து விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். கண்டென்சரும் அப்படியே.

எத்தனால் கணக்கும் பாதிதான் சரி. ஆவி அழுத்தம் 10 சதவீதத்தை ஒட்டித்தான் உச்சத்தில் இருக்கும். அதற்கு மேல் கலக்கக் கலக்க மெல்ல இறங்கும்.

கார்ப்_ரசிகன்
இறங்கினாலும் கலக்காத பெட்ரோலைவிட அதிகம்தானே? பவுலே கொதித்தால் தும்மலுக்கு நேரம் இருக்காது, ஜெட்டில் பெட்ரோலுக்குப் பதில் நுரைதான் ஏறும். இந்த வண்டிகளோடே வளர்ந்தவன் நான். கோடையில் நின்றால் பெட்ரோல், மழையில் நின்றால் கரண்ட்.

பாயிண்ட்_கேப்
அந்தச் சூத்திரத்தை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் நல்ல பம்பைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். பவுல் கொதிப்பது பெரும்பாலும் வண்டியை நிறுத்திய பிறகு. ஃபேனும் நின்று, பெட்ரோல் ஓட்டமும் நின்ற நேரத்தில்தான் சூடு ஊறும். ஓடும் இன்ஜினுக்கு டேங்கிலிருந்து புதுப் பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும்.

தஞ்சை_வேன்
நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் அரை மணி நேரத்தில் தானாகச் சரியாகும். அடுத்த முறை நின்றால் முதலில் மூடியைத் திறந்து பாருங்கள், "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் விஷயம் அங்கேதான்.

பாயிண்ட்_கேப்
நல்ல யோசனை, செலவும் இல்லை. சேலம் அண்ணே, ஒரு பொருளும் மாற்றாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றி வண்டி ஓடினால் எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது. தவிர, இன்று கடையில் கிடைக்கும் புதுக் கண்டென்சர் பலவும் நாற்பது வருடப் பழசைவிட மோசம். வண்டி ஓடும்போது சோதித்துப் பயன் இல்லை. செத்துக் கிடக்கும் அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், பிளக் ஸ்பேனர், சின்னக் கண்ணாடி பாட்டில், இவை டிக்கியில் இருக்கட்டும்.

நின்றதும் கார்புரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றிப் பாட்டிலில் விட்டு செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் துடிப்பு துடிப்பாக, குமிழி இல்லாமல் விழுந்தால் பம்ப் நிரபராதி. பாட்டிலை மூடித் தூரமாக வைத்து, பைப்பை மாட்டிய பிறகுதான் கரண்ட் சோதனை. இதில் அவசரம் கூடாது, தீ பிடிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் (பாயிண்டும் ரோட்டரும் உள்ள டப்பா) நடு வயரை உருவி, இன்ஜின் உடம்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்துச் செல்ஃப் அடித்தால் பளிச்சென்று நீலமாகப் பொறி பாய வேண்டும். பாயாவிட்டால் டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை பாடியில் கிளிப் செய்து, மறுமுனையை காயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சின்ன முனையில் வையுங்கள். செல்ஃப் சுற்றும்போது லேம்ப் மினுக்க வேண்டும். எரியவே இல்லை என்றால் கரண்ட் காயில் வரை வரவில்லை, அல்லது காயில் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது கண்டென்சர் ஷார்ட். மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் வழியாகக் கரண்ட் பாடிக்கு இறங்கவில்லை.

கார்ப்_ரசிகன்
பாட்டில் சோதனையை முதலில் வைத்ததற்கு நன்றி. அதிலேயே முடிந்துவிடும் பாருங்கள்.

சேலம்_மார்க்3
நேற்று அதே மேட்டுக்கு வேண்டுமென்றே போனேன். கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. மூடியைத் திறந்தேன், காற்றுச் சத்தம் இல்லை. பாட்டிலில் பெட்ரோல் திடமாக அடித்தது, ஒரு குமிழி இல்லை. நடு வயரில் பொறி இல்லவே இல்லை. லேம்ப் மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றினேன். பாயிண்ட் சுத்தம், இடைவெளி 0.40 மி.மீ. வெளியிலிருந்து பாயிண்டுக்குப் போகும் சின்ன வயரை மகன் ஸ்குரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் லேசாகத் தள்ள, நான் செல்ஃப் அடித்தேன். லேம்ப் மினுக்கியது! வீட்டில் வயரைக் கழற்றி வளைத்துப் பார்த்தேன். மேலே உறை முழுசாக இருக்கிறது, உள்ளே செப்பு இழைகள் அறுந்து நுனியோடு நுனி உரசிக்கொண்டிருக்கின்றன.

கார்ப்_ரசிகன்
சரி, வயர் அறுந்தது உண்மை. ஆனால் அறுந்த வயர் சமவெளியில் ஏன் ஓடியது? மேட்டில் மட்டும் ஏன் விட்டது? சூடு இல்லாமல் இது நடக்காது.

பாயிண்ட்_கேப்
சூடு உண்டு, அது வேலை செய்த இடம்தான் வேறு. இந்த டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை வாக்குவம் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பு) இழுத்துத் திருப்பும். சமவெளியில் ஆக்சிலேட்டரைப் பாதி மிதித்து ஓட்டும்போது தட்டு முன்னால் திரும்பி நிற்கும். மேட்டில் முழுக்க மிதித்தால் வாக்குவம் விழுந்து தட்டு பழைய இடத்துக்கே போகும். அந்த வயர் வருடக்கணக்காக இப்படி முன்னும் பின்னும் மடங்கியே அறுந்திருக்கிறது. சூட்டில் உறை இளகிக் கொடுத்ததும், தட்டு பழைய இடத்துக்குப் போன நிலையில் நுனிகள் விலகிவிட்டன. இன்ஜின் நின்ற பிறகும் தட்டு அதே இடத்தில்தான் இருக்கும், அதனால்தான் உடனே பிடிக்கவில்லை. ஆறி உறை சுருங்கியதும் நுனிகள் தொட்டுக்கொண்டன.

கார்ப்_ரசிகன்
விளக்கம் பொருந்துகிறது. ஆனாலும் கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் தகரத் தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள் சேலம். பல வண்டிகளில் யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். எத்தனாலுக்காக ஏ.சி. பம்ப் டயாஃபிரத்தையும் பெட்ரோல் ஹோஸையும் மாற்றியே ஆக வேண்டும், பழைய ரப்பர் அதில் ஊறித் தளர்ந்துபோகும்.

பாயிண்ட்_கேப்
ஹோஸ் விஷயத்தில் நானும் உங்கள் கட்சிதான். சேலம் அண்ணே, வயருக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண வயரைப் போடாதீர்கள், சில மாதத்தில் மறுபடி அறும். மல்டிமீட்டர் புரோப்பில் வருமே, மெல்லிய இழைகள் நிறைய உள்ள சிலிக்கான் உறை வயர், அதைப் போட்டுத் தட்டு முழுக்கத் திரும்பினாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். தட்டையும் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பையும் இணைக்கும் எர்த் வயர் ஒன்று அதே வயதில் உள்ளே இருக்கும், அதையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

சேலம்_மார்க்3
இரண்டும் மாற்றியாயிற்று. தகரத் தடுப்பு என் வண்டியில் இல்லை, ரசிகன் சார். அளவும் போட்டோவும் இருந்தால் போடுங்கள், லேத்தில் கொடுத்து அடிக்கிறேன்.