பெரியப்பாவோட 386: ஹார்டு டிஸ்க் தெரியல, தமிழ்க் கோப்பு குப்பையா வருது (உதவி வேணும்)

மேலூர்_பேரன்

விவரம் தெரிஞ்ச அண்ணன்மாருங்க யாராச்சும் கை கொடுங்க.

எங்க பெரியப்பா மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல டைப்பிங் கடை வச்சிருந்தாரு. கடைய மூடி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அவரும் போய்ச் சேந்துட்டாரு. போன மாசம் வீட்ட இடிச்சுக் கட்டணும்னு பரண ஒழிச்சப்ப அவரோட கம்ப்யூட்டர் வெளிய வந்துச்சு. படுக்க வாக்குல இருக்க பெட்டி, 386ங்கிற பழைய பிராசஸர் வச்சது. ரெண்டு பிளாப்பி டிரைவ், பெரிய வட்டப் பின் வச்ச கீபோர்டு. உள்ள ஒரு நீளமான கார்டு சொருகியிருக்கு, அதுல ஜிஸ்ட்னு போட்டிருக்கு. என்னன்னு தெரியல.

எனக்கு வேண்டியது எங்க ஊர்த் திருவிழாவோட தலைக்கட்டு வரிக் கணக்கு. 92ல இருந்து அவருதான் கணக்கு எழுதுனாரு. நோட்டக் கரையான் அரிச்சிருச்சு. கம்ப்யூட்டர்லயும் ஏத்தி வச்சிருந்தாருன்னு பெரியம்மா சொல்றாங்க. யாரு எந்த வருஷம் வரி கட்டுனாங்கன்னு பங்காளிகளுக்குள்ள இப்ப ஒரு பேச்சு ஓடுது. அதுக்குள்ள நான் போகல, கணக்கு கிடைச்சாப் போதும்.

இதுவரைக்கும் செஞ்சது:

ஆன் பண்ணேன். மெமரி எண்ணுச்சு, அப்பறம் செக்சம் எரர், ஹார்டு டிஸ்க் இல்லன்னு வந்து நின்னுருச்சு. ரெண்டு மூணு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணியும் அதேதான்.

ஹார்டு டிஸ்க்கக் கழட்டி, ஆன்லைன்ல வாங்குன யூஎஸ்பி கன்வெர்ட்டர்ல மாட்டுனேன். சுத்துற சத்தம் நல்லாக் கேக்குது, லேப்டாப்புல டிரைவே வரல. செத்துருச்சா?

பிளாப்பி 30 இருக்கு. 22 பெரிசு, 8 சின்னது. பெரிசுல சிலதுல வெள்ளையாப் பூஞ்ச. சின்னதுல ஒண்ண மட்டும் யூஎஸ்பி டிரைவ்ல போட்டேன், "வரி94" னு ஒரு டிபிஎஃப் கோப்பு வந்துச்சு. நோட்பேட்ல தெறந்தா எழுத்துக்கு மேல புள்ளியும் கோடும் வச்ச வெளிநாட்டு எழுத்தா வருது. ஒரு எழவும் புரியல.

---

டாஸ்_காலத்து_ஆளு

தம்பி, மொதல்ல பிளக்கப் புடுங்குங்க. இனி அத ஆன் பண்ணாதீங்க.

மதர்போர்டுல கீபோர்டு சாக்கெட்டு பக்கத்துல நீலமா உருளையா ஒரு பேட்டரி இருக்கான்னு பாருங்க. 3.6 வோல்ட், நிக்கல் கேட்மியம். அந்தக் காலத்து போர்டுல முக்காவாசி அதுதான். சும்மா கெடந்தாலும் ஒழுகும். உள்ள இருக்கது காரம். பச்ச மேல் பூச்சுக்கு அடியிலயே செப்புக் கோடு வழியா ஊர்ந்து போய் அரிச்சுப்புடும். மேல பாத்தா லேசாப் பச்ச படிஞ்ச மாதிரிதான் இருக்கும், அடியில கோடே இருக்காது.

ஒழுகியிருந்தா பேட்டரியக் கட்டிங் பிளேயர வச்சு வெட்டி எடுத்துருங்க. காரத்துக்கு எதிர் புளிப்பு. மளிகக் கடை வினிகரப் பஞ்சுல தொட்டு அந்த எடத்துல மட்டும் தடவுங்க, நுரைக்கும். எலுமிச்சஞ் சாறும் ஆகும், ஆனா பிசுபிசுப்பு நிக்கும். அப்பறம் சுத்தமான தண்ணி, அதுக்கப்பறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். நல்லாக் காயட்டும். மதுர வெயிலுக்கு அரை நாள் போதும். நேர் வெயில்ல வைக்காதீங்க, நெழல்லயே காஞ்சுரும்.

செக்சம் எரருக்கும் ஹார்டு டிஸ்க் காணாமப் போனதுக்கும் காரணம் ஒண்ணுதான். டிஸ்க்குல எத்தன சிலிண்டர், எத்தன ஹெட், எத்தன செக்டர்னு அந்தப் பேட்டரி தயவுலதான் போர்டு ஞாபகம் வச்சிருந்துச்சு. பேட்டரி போச்சு, ஞாபகமும் போச்சு. டிஸ்க் செத்துருச்சுன்னு அதுக்குள்ள அழாதீங்க. மேல ஒட்டியிருக்க லேபிளப் படிச்சு எழுதுங்க.

பவர் சப்ளைப் பெட்டியத் தெறக்கவும் வேணாம், அத நம்பி ஆன் பண்ணவும் வேணாம். 1984ல கிளாஸ்னு ஒரு திட்டத்துல பள்ளிக்கூடங்களுக்கு பிபிசி மைக்ரோங்கிற கம்ப்யூட்டர் வந்துச்சுல்ல, அதுல ஒண்ண நான் ரொம்ப வருஷம் கழிச்சு ஆன் பண்ணேன். பத்தே நிமிஷம், பவர் சப்ளைக்குள்ள இருந்த ஃபில்டர் கெப்பாசிட்டர் பொகையக் கக்குச்சு. ரூம் பூரா மீன் கருகுன மாதிரி நாத்தம். வீட்டுல இன்னும் சொல்லிக் காட்டுறாங்க.

---

சும்மா_பாக்க_வந்தவன்

எடைக்குப் போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்கலாம்ல ப்ரோ

---

டாஸ்_காலத்து_ஆளு

அந்த ஜிஸ்ட் கார்ட எடைக்குப் போட்டா நான் மேலூருக்கே வந்து சண்ட போடுவேன்.

---

சிம்மக்கல்_சால்ட்ரிங்

கன்வெர்ட்டர் விஷயத்துக்கு நான் பதில் சொல்றேன். இப்ப விக்கிற யூஎஸ்பி கன்வெர்ட்டர் எல்லாம் எல்பிஏ முறையில மட்டும்தான் டிஸ்க்கோட பேசும். அதாவது செக்டருக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா நம்பர். உங்க டிஸ்க் அதுக்கு முந்துன காலத்துது, சிலிண்டர்-ஹெட்-செக்டர் கணக்கு மட்டும்தான் அதுக்குத் தெரியும். இது பேசுற பாஷ அதுக்குப் புரியல, அம்புட்டுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டுல போய் வேற கம்பெனி கன்வெர்ட்டர் வாங்குனாலும் இதே கததான்.

மதர்போர்டுலயே ஐடிஈ சாக்கெட்டு இருக்க பழைய பென்டியம் 4 ஒண்ணு தேடுங்க. மூடிப்போன பிரவுசிங் சென்டர் எதுலயாவது கண்டிப்பாக் கெடக்கும். அதுல லினக்ஸ் சிடி போட்டு டிடிரெஸ்க்யூ ஓட்டுங்க, டிஸ்க்க அப்படியே ஒரு கோப்பா (இமேஜ்) நகலெடுக்குற நிரல் அது. மொதச் சுத்துல நல்ல எடத்த எல்லாம் எடுத்துரும், அடிபட்ட எடத்தத் தாண்டிப் போயி கடசியாத் திரும்பி வந்து சொரண்டும். மேப் கோப்பு கொடுக்க மறந்துராதீங்க. நடுவுல கரண்ட் போனா விட்ட எடத்துல இருந்து தொடரலாம்.

இன்னொண்ணு. இந்த டிஸ்க்குல விண்டோஸ் பூட் பண்ண விட்றாதீங்க, கேக்காமலே எதையாவது எழுதி வச்சிரும்.

பிளாப்பிக்கு: சின்னதுல ஓரத்துல இருக்க சின்னத் தாழ்ப்பாளத் தள்ளி ஓட்டையத் தெறந்து வச்சா எழுத முடியாது. பெரிசுல நேரெதிர், பக்கத்துல இருக்க வெட்ட மூடுனாத்தான் எழுத முடியாது. செல்லோடேப் ஒட்டாதீங்க. நெறைய டிரைவ்ல அந்த வெட்ட வெளிச்சத்த வச்சுத்தான் பாக்குது, செல்லோடேப்புல வெளிச்சம் போயிரும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க.

பெரிசுக்கு, அதான் 5.25 இஞ்சுக்கு, யூஎஸ்பி டிரைவ்னு ஒண்ணு கடையில கெடையாது. கிரீஸ்வீசல்னு ஒரு சின்ன போர்டு இருக்கு, பழைய டிரைவ அதுல மாட்டி லேப்டாப்புல கோக்கலாம். எங்கிட்ட ஒண்ணு இருக்கு. பூஞ்ச புடிச்சதத் தனியாப் பிரிச்சு வைங்க, அத எந்த டிரைவ்லயும் போடாதீங்க. பூஞ்ச ஹெட்டுல ஒட்டிக்கிட்டா அடுத்து போடுற நல்ல பிளாப்பியையும் கீறி விட்டுரும்.

---

டிடிபி_அக்கா

கோப்பு விஷயம் சிம்பிள் தம்பி. இது பாமினி ஃபான்டு. இல்லன்னா ஸ்ரீலிபி. ஃபான்ட மாத்திப் பாருங்க, வந்துரும். தெனமும் பத்துப் பழைய கல்யாணப் பத்திரிகைக் கோப்பு இப்படித்தான் எங்க கடைக்கு வருது.

---

மேலூர்_பேரன்

அக்கா, ரெண்டும் போட்டுப் பாத்தேன். தமிழ் எழுத்தா வருது, ஆனா வார்த்தையா வரல.

---

டாஸ்_காலத்து_ஆளு

வராது. அது ஃபான்டு கோப்பு இல்ல.

அந்த ஜிஸ்ட் கார்டு சி-டாக்கோடது, மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம். ஐஐடி கான்பூர்ல ஆரம்பிச்ச வேல, அப்பறம் புனே சி-டாக்குல வளந்துச்சு. டாஸ் திரையவே கையில எடுத்துக்கிட்டு தமிழ், இந்தின்னு இந்திய எழுத்துல காட்டும். உங்க டிபிஎஃப் கோப்ப எழுதுனது டிபேஸ்ங்கிற டேட்டாபேஸ் நிரல், அதுக்குத் தமிழே தெரியாது. அது ஏதோ நம்பர்னு நெனச்சு எழுதி வச்சுக்கும், கார்டுதான் அத எழுத்தாக் காட்டும். அந்த நம்பர் முறைக்குப் பேரு இஸ்கி. 1991ல இந்தியத் தர நிர்ணயம் ஆச்சு, ஐஎஸ் 13194.

நான் சொல்றேன்னு நம்ப வேணாம், நீங்களே பாருங்க. கோப்ப ஹெக்ஸ் எடிட்டர்ல தெறந்து, எண்ணப் பத்தடிமானத்துல காட்டச் சொல்லுங்க. உங்க ஊர்க் கணக்குன்னா மேலூர்ங்கிற பேரு நூறு தடவயாவது இருக்கும். திரும்பத் திரும்ப வர்ற ஆறு எண்ணத் தேடுங்க. இஸ்கியா இருந்தா 204, 225, 209, 222, 207, 232ன்னு இருக்கணும். ம, ஏகாரக் கொம்பு, ல, ஊகாரம், ர, புள்ளி. டிடிபி ஃபான்டா இருந்தா கொம்பு மொதல்ல வந்து அப்பறம்தான் ம வரும், கண்ணுக்குத் தெரியிற வரிசையில. இஸ்கி, வாய் சொல்ற வரிசையில எழுதும்.

---

மேலூர்_பேரன்

அண்ணே!! இருக்கு. அப்படியே இருக்கு. 204, 225, 209, 222, 207, 232. எண்ணிப் பாத்தேன், 137 தடவ.

---

டிடிபி_அக்கா

சரி, ஒத்துக்கிறேன். எங்க கடைக்கு இப்படி ஒண்ணு வந்ததே இல்ல.

---

மேலூர்_பேரன் (மறுநாள்)

ராத்திரி நானா ஒரு வேல பாத்தேன். யூனிகோடுல க 2965, இஸ்கில க 179. வித்தியாசம் 2786. எல்லா எண்ணோடயும் 2786 கூட்டி ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டுனேன். க, த, ப, ம, ய எல்லாம் ஜோரா வந்துச்சு. ஆனா ர எல்லாம் ற ஆயிருச்சு, ல எல்லாம் ள, ள எல்லாம் ழ. ழ, வ ஆயிருச்சு! உயிர்க்குறி எல்லாம் தாறுமாறு. பெரியப்பாவுக்கு எழுத்துப்பிழையே வராது, அவரு கோப்பு இப்படியா இருக்கும்?

---

டாஸ்_காலத்து_ஆளு

வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். பெரியப்பா மேல பழியப் போடாதீங்க.

எல்லா இந்திய மொழிக்கும் சேத்து ஒரே அட்டவண, அதான் இஸ்கி. ய-வுக்கும் ர-வுக்கும் நடுவுல, 206ல, வங்காளம் மாதிரி மொழிக்கு இன்னொரு ய-வுக்கு எடம் விட்டிருக்கு. யூனிகோடுல அந்த எடத்துல அது இல்ல. அதான் ய வரைக்கும் உங்க கணக்கு ஒழுங்கா வந்து, ர-ல இருந்து ஒரு படி தள்ளிருச்சு. உயிர்க்குறிக்கு வேற வேற வித்தியாசம். கூட்டிக் கழிக்காதீங்க. விண்டோஸ்லயே தமிழ் இஸ்கிக்கு ஒரு கோடு பேஜ், அதாவது எழுத்து அட்டவண இருக்கு, 57004. அதக் கொடுத்து மாத்தச் சொல்லுங்க.

ஆனா டிபிஎஃப்ப மொத்தமா மாத்துனா ஒடஞ்சுரும். தலைப்புல 32 பைட்டு, அப்பறம் பதிவுல இருக்க ஒவ்வொரு கட்டத்துக்கும் (ஃபீல்டு) 32 பைட்டு, கடசியில 13ன்னு ஒரு எண். அதுக்கப்பறம்தான் பதிவு. பதிவ மட்டும் பிரிச்சு மாத்துங்க.

மொத நாலு எண் என்ன?

---

மேலூர்_பேரன்

3, 94, 5, 3.

---

டாஸ்_காலத்து_ஆளு

மொத 3, டிபேஸ் 3 கோப்புங்கிறதுக்கு. மிச்சம் தேதி. உங்க பெரியப்பா கடசியா அதுல கை வச்சது 1994 மே 3.

---

மேலூர்_பேரன் (ஒன்பது நாள் கழிச்சு)

சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. வீட்டு வேல, கொத்தனார் பஞ்சாயத்து.

பேட்டரி ஒழுகித்தான் இருந்துச்சு. வெட்டி, வினிகர் போட்டுக் கழுவியாச்சு. கீபோர்டு சாக்கெட்டு பக்கத்துல ரெண்டு கோடு அரிச்சுப் போச்சு, அத அப்பறம் பாத்துக்கலாம். மறுபடி ஆன் பண்ணல.

நாவினிப்பட்டில தெரிஞ்சவரு ஒருத்தரு வீட்டுல பென்டியம் 4 கெடச்சுச்சு. டிஸ்க் லேபிள்ல 1001 சிலிண்டர், 15 ஹெட், 17 செக்டர்னு இருந்துச்சு. டிடிரெஸ்க்யூ ஓட்டுனேன், மூணே மூணு செக்டர்தான் வரல. இமேஜ் கோப்போட அளவு 13,06,90,560 பைட்டு. 1001, 15, 17, 512 நாலையும் பெருக்கிப் பாத்தேன், ஒரு பைட்டு பெசகல!

உள்ள 92ல இருந்து 96 வரைக்கும் அஞ்சு வருஷக் கணக்கும் இருக்கு. 57004 போட்டதும் ர ர-வாவும் ல ல-வாவும் வந்துருச்சு. பெரியம்மாவுக்குப் படிச்சுக் காட்டுனேன், "அவன் எங்க வரி கொடுத்தான், கடன்ல எழுதச் சொன்னான்"னு ஒவ்வொரு பேருக்கும் ஒரு கத சொல்றாங்க.

ஒரு சந்தேகம் மட்டும் நிக்குது. ஒவ்வொரு பதிவுக்கும் முன்னாடி 32ன்னு ஒரு எண் இருக்கு. 94ல 11 பதிவுக்கு மட்டும் 42ன்னு இருக்கு. அந்தப் பதினொண்ணுல ஒண்ணு எங்க அப்பா பேரு.

---

டாஸ்_காலத்து_ஆளு

32ன்னா வெறும் எடைவெளி. 42ன்னா நட்சத்திரக் குறி, அழிச்ச பதிவு. டிபேஸ்ல டெலீட்னு கொடுத்தா பதிவு போகாது தம்பி, ஒரு நட்சத்திரம்தான் விழும். பேக்னு தனியாக் கொடுத்தாத்தான் நெசமாவே போகும். அவரு பேக் கொடுக்கல.

ஊர விட்டுப் போன தலைக்கட்டா இருக்கலாம். அப்பா 94ல எங்க இருந்தாரு?

---

மேலூர்_பேரன்

திருப்பூர். பனியன் கம்பெனி வேலைக்குப் போன வருஷம். 95 கோப்பப் பாத்தேன், எங்க அப்பாவுக்கு நட்சத்திரம் இல்ல. மத்த பத்துப் பேருக்கும் இருக்கு.

---

டாஸ்_காலத்து_ஆளு

அப்ப ரீகால்னு கொடுத்திருக்காரு. அழிச்சதத் திரும்பக் கொண்டுவர டிபேஸ்ல அதான் கட்டள.

கணக்கப் பங்காளிகளுக்குக் காட்டுறதுக்கு முன்னாடி அந்த இமேஜ ரெண்டு எடத்துல நகலெடுத்து வைங்க. மாத்துன தமிழ்க் கோப்பு வேற, இமேஜ் வேற. இமேஜுல கை வைக்காதீங்க.

---

சிம்மக்கல்_சால்ட்ரிங்

ஞாயித்துக்கெழம மேலூர் வர்றேன், கிரீஸ்வீசல் எடுத்துட்டு. பூஞ்ச பிளாப்பிக்குப் பஞ்சும் ஆல்கஹாலும் வாங்கி வைங்க. தூக்கிப் போட மனசு வர்ற ஒரு பழைய 5.25 டிரைவும் இருந்தா நல்லது, பூஞ்ச பிளாப்பிய அதுல போட்டுப் பாப்போம்.

---

மேலூர்_பேரன்

வாங்கண்ணே. பெரியம்மா சாப்பாடு இங்கதான்னு சொல்லச் சொன்னாங்க.