வின்டோஸ் போடுற இடத்தில டிஸ்க்கே காட்டுதில்ல, அவசரம்

பொகவந்தலாவ_தம்பி:
அண்ணமாரே, லெப்டொப் ரொம்ப ஸ்லோ. முழுசா அழிச்சிட்டு புதுசா வின்டோஸ் போடலாம்னு பென் டிரைவ் மாட்டினேன். எங்க இன்ஸ்டோல் பண்றதுன்னு கேக்கிற பக்கம் வெறுமையா இருக்கு. ஒரு டிரைவும் இல்ல. தங்கச்சிக்கு ஏஎல் பரீட்சை வருது, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்க.

மலைக்குருவி:
என்ன லெப்டொப்? வின்டோஸ் 10ஆ 11ஆ? பென் டிரைவ் எதுல செஞ்சீங்க?

நானுஓயா_பனி:
டிஸ்க் போயிருக்கும் தம்பி. மே மாசம் மழை தொடங்கினா தோட்டத்து லயத்து வீட்டுல சுவரே வேர்க்குது, மெஷின் என்ன செய்யும்? கழட்டி அடுப்புப் பக்கமா ரெண்டு நாள் வச்சுப் பாருங்க.

பதுளை_டெக்:
இதே கேள்வி இங்க எத்தனையோ தடவை வந்தாச்சு. தேடிப் பார்த்தா விரல் தேஞ்சிருமா? டொக்டர்கிட்ட போய் "உடம்பு"ன்னு மட்டும் சொல்லிட்டு மருந்து கேக்கிற கணக்கா இருக்கு. அடுப்புல வைக்கச் சொன்னவருக்கும் ஒரு கும்பிடு.

பொகவந்தலாவ_தம்பி:
வின்டோஸ் 11, பென் டிரைவ் ரூஃபஸ்ங்கிற சொஃப்ட்வெயார்ல செஞ்சது. ஸ்டிக்கர்ல கோர் ஐ5.

மலைக்குருவி:
ஐ5க்குப் பின்னால ஒரு நம்பர் இருக்குமே? பழைய வின்டோஸ் இன்னும் ஓடுதா?

பொகவந்தலாவ_தம்பி:
1135ஜி7. பழசு ஓடுது.

மலைக்குருவி:
ஓடுதுன்னா டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. இது 11ஆம் தலைமுறை இன்டெல். இதுல எஸ்எஸ்டி டிஸ்க் பெரும்பாலும் விஎம்டிங்கிற கன்ட்ரோலருக்குப் பின்னால இருக்கும். அதை வின்டோஸுக்குப் புரிய வைக்கிற டிரைவர்ங்கிற சொஃப்ட்வெயார் செட்டப்ல இல்லாட்டி டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. உங்க மொடலோட சப்போர்ட் பக்கத்தில "இன்டெல் ஆர்எஸ்டி" டிரைவரை எடுங்க. ஸிப்பை விரிச்சு, ஐஎன்எஃப் ஃபைல் இருக்கிற ஃபோல்டரை அதே பென் டிரைவ்ல போடுங்க. எக்ஸி (.exe) ஃபைலை அப்படியே போட்டா செட்டப் கண்டுக்காது. அப்புறம் அந்த வெறும் பக்கத்தில "லோட் டிரைவர்" அமத்தி ஃபோல்டரைக் காட்டுங்க.

மெஷின் ஓன் ஆகும்போதே திறக்கிற பயோஸ் செட்டிங்ல விஎம்டியை ஓஃப் பண்ணினாலும் டிஸ்க் வரும். ஆனா பழைய வின்டோஸ் அதுக்கப்புறம் பூட் ஆகாம போகலாம், சில மெஷின்ல டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கர் 48 இலக்க கீயும் கேக்கும். அதனால முதல்ல ஃபைல் எல்லாம் கொப்பி எடுத்திருங்க.

பொகவந்தலாவ_தம்பி:
தங்கச்சி நோட்ஸ் டி டிரைவ்ல இருக்கு. அது அழியாதுதானே?

மலைக்குருவி:
அழியும்! சியும் டியும் ஒரே டிஸ்க்கோட ரெண்டு துண்டா இருந்தா, எல்லாத்தையும் டிலீட் பண்ணும்போது டியும் சேர்ந்து போயிரும். கொப்பி எடுக்காம டிலீட்ல கை வைக்காதீங்க.

ஹட்டன்_பெங்குயின்:
எதுக்கு இந்தப் பாடு? வின்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடுங்க, பழைய மெஷினும் பறக்கும்.

நானுஓயா_பனி:
லினக்ஸ்ல பாமினி தமிழ் ஃபொன்ட் ஓடாது. எங்க ஸ்கூல் பேப்பர் எல்லாம் பாமினிலதான் அடிக்கிறாங்க.

ஹட்டன்_பெங்குயின்:
யாரு சொன்னது? அது வெறும் ஃபொன்ட் ஃபைல், ஹோம்ல ".ஃபொன்ட்ஸ்" ஃபோல்டர்ல போட்டாலே வேலை செய்யும். இன்னும் பாமினில அடிச்சா போன்ல திறக்கிறவனுக்கு குப்பையாத்தானே தெரியும்? எல்லா மெஷின்லயும் ஒரே மாதிரி தெரியிற யூனிகோடுக்கு மாறச் சொல்லுங்க.

நானுஓயா_பனி:
மாறச் சொல்றது லேசு. இருபது வருஷமா அதுல கை பழகின டீச்சர்மாருக்கு நீங்க வந்து கிளாஸ் எடுப்பீங்களா?

பதுளை_டெக்:
தம்பியோட லெப்டொப்பை விட்டுட்டு ஃபொன்ட் சண்டையா? ரெண்டு பேரும் வேற இழை தொடங்குங்க.

ஹட்டன்_பெங்குயின்:
நீங்க இதுவரைக்கும் அவருக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க?

பொகவந்தலாவ_தம்பி:
டிஸ்க் வந்திருச்சு அண்ணே, இன்ஸ்டோல் ஓடுது. இப்ப நெட் கேக்குது, வைஃபை ஒண்ணுமே காட்டல.

மலைக்குருவி:
வைஃபை டிரைவர் இல்லாததுதான். போனை கேபிள்ல மாட்டி, போன் நெட்டை லெப்டொப்புக்குக் குடுக்கிற யூஎஸ்பி டெதரிங் போடுங்க, அது பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே பிடிக்கும். மெஷினோட வந்த அதே எடிஷன்னா நெட் கிடைச்சதும் தானா எக்டிவேட் ஆகிரும். ஆனா அப்டேட் தொடங்கினா உங்க டேட்டா காலி, பார்த்துக்குங்க.

மலைக்குருவி:
தம்பி, அந்த நோட்ஸை கொப்பி எடுத்தீங்களா இல்லையா?