கொக்கர் ஸ்பானியல் நாய் வளர்க்கிற ஆக்கள், உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ

கடலோரம்:
போன ஞாயிறு நடந்தது, இன்னும் நெஞ்சுப் படபடப்பு அடங்கேல்லை. பின்னேரம் அஞ்சரை போல பிரவுணியை வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனன். தண்டவாளத்துக்கு அங்கால கல்லில ஒரு வெள்ளைக் கொக்கு. இவளின்ட மூக்கு மேல எழும்பிச்சு, வால் படபடவெண்டு அடிச்சுது. அடுத்த செக்கன் கழுத்துப்பட்டி தலையால கழண்டு என்ட கையில தொங்குது. தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் கூவுது. நான் தொண்டை கிழியக் கத்துறன், அவள் திரும்பியே பாக்கேல்லை. அங்க நிண்ட கடலைக்கார ஐயா ஒரு கடதாசிப் பையை எடுத்துக் கசக்கினார். அந்தச் சரசரப்புக்குத்தான் நிண்டவள், தண்டவாளத்துக்கு இங்கால நாலடி தள்ளி. ரயில் போன காத்தில ரெண்டு காதும் பின்னால பறந்தது, கண்ணை மூடினால் அதுதான் தெரியுது.

தெஹிவளை அம்மா:
ஐயோ பிள்ளை, வாசிக்கவே கை நடுங்குது. எங்கட ஆளுக்கு ஏழு வயசு. தலையை உதறிக்கொண்டே இருந்தான், மழையில நனைஞ்சதெண்டு விட்டிட்டம். ஒருநாள் காலமை பாத்தால் இடது காது மடல் பூரி மாதிரி ஊதிக் கிடக்கு, தொட்டால் உள்ளுக்குத் தளும்புது. உதறின உதறலில மடலுக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சு ரத்தம் தேங்கிட்டுதெண்டு டொக்டர் சொன்னார். காதைப் புரட்டினால் புளிச்ச மா மணம். அந்த மணம் ரெண்டு கிழமையா வீட்டுக்குள்ள இருந்தது. தோசை மாதான் ஊத்துப்பட்டுப் போச்செண்டு நான் பிரிஜ்ஜை ரெண்டு தரம் கழுவினன். அவன் என்ட காலடியிலதான் படுத்திருந்தான். அதை நினைச்சால் நித்திரை வருதில்லை.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
கடலோரம் அக்கா, கோவிக்காதேங்கோ, பிழை நாயில இல்லை. வுட்கொக் எண்ட பறவையைப் பத்தைக்குள்ளயிருந்து கிளப்பிவிட வளர்த்த இனம், கொக்கர் எண்ட பேரே அதால வந்தது. பறவையைக் கண்டால் ஓடுறது அதின்ட தொழில். கூப்பிட்டவுடன திரும்பி வரப் பழக்காமல் தண்டவாளப் பக்கம் போகவே கூடாது. வெறும் கழுத்துப்பட்டியை விடுங்கோ, நெஞ்சைச் சுத்திப் போடுற ஹார்னஸ் வாங்குங்கோ. வீட்டுக்குள்ள விசில் ஊதிச் சாப்பாடு குடுங்கோ, பிறகு பத்து மீற்றர் கயித்தில வெளியில பழக்குங்கோ. தெஹிவளை அம்மா, இந்தப் புழுக்கத்தில தொங்கிற காதுக்குக் காத்துப் போகாது, ஈரம் நிண்டு பூஞ்சணம் பிடிக்கும். டொக்டர் தாற மருந்தால கிழமைக்கு ஒருக்கால் கழுவி, குளிச்ச பிறகும் துடையுங்கோ. பஞ்சுக்குச்சி உள்ளுக்கு விடாதேங்கோ, ஊத்தையை இன்னும் உள்ளுக்குத்தான் தள்ளும். மடலுக்கு உள்பக்கத்து மயிரைக் கட்டையா வெட்டுங்கோ. சோறு வைக்க வாய் ஒடுங்கின ஆழமான கோப்பை எடுங்கோ, காது சோத்துக்குள்ள விழாது.

என்ட கதை சின்னன். பெல்லன்வில சதுப்புப் பக்கம் கோரைக்குள்ள போனவன், தாழைக்கோழிக் குஞ்சொண்டைக் கவ்விக்கொண்டு வந்து என்ட உள்ளங்கையில வச்சான். ஒரு பல்லுக்கூடப் படேல்லை. எச்சில் ஈரத்தோட நெஞ்சு டிக்டிக்கெண்டு அடிச்சுது. கோரையோரம் விட்டிட்டு வந்தன், பிழைச்சுதோ தெரியாது. 1990ல சரணாலயமாக்கின இடம், நாயைக் கொண்டுபோனது என்ட பிழை. பிறகு போகேல்லை.

நுகேகொடை:
தம்பி, அக்கா ஒருத்தரிட்டயும் புத்தி கேக்கேல்லை, பயந்து போய் எழுதினவ. விசில் பழக்கின நாயும் கொக்கைக் கண்டால் ஓடும், என்டதே ஓடியிருக்கு. இவ்வளவு எழுதின நீங்கள் உண்ணியைப் பற்றி ஒரு சொல் எழுதேல்லை. எங்கட பெட்டை ரெண்டு நாள் சாப்பிடேல்லை, மூத்திரம் பிளேன்டீ நிறத்தில போச்சு. காய்ச்சலெண்டு பரசிற்றமோல் குளிசையைப் பாதியா உடைச்சுக் கையில வச்சிருந்தன். மகள் டொக்டருக்குப் போன் எடுத்தாள், "அது நாய்க்கு நஞ்சு, குடுக்காதேங்கோ" எண்டார். உதட்டைத் தூக்கிப் பாத்தால் ஈறு வெள்ளைக் கடதாசி. உண்ணிக் காய்ச்சல், ரத்தத்துக்குள்ள கிருமி. ஊசி போட்டு, பிறகு டொக்சிசைக்ளின் 28 நாள். காதுமடலின்ட மடிப்புக்குள்ள மயிரோட மயிரா ஒரு உண்ணி, கொத்தமல்லி அளவு. அண்டைக்குக் காலமைதான் அந்தக் காதை நான் சீவிவிட்டனான்.

கடலோரம்:
தம்பியில எனக்குக் கோவமில்லை. நேற்று ஹார்னஸ் வாங்கிப் போட்டாச்சு. பின்னேரம் அந்தக் கடலைக்கார ஐயாவைத் தேடிப் போனன், காணேல்லை. அண்டைக்குக் கை கால் விறைச்சுப்போய் ஒரு நன்றிகூடச் சொல்லேல்லை. நரைச்ச தாடி, நீலச் சாரம். ஆரும் கண்டால் எனக்கு எழுதுங்கோ.