எம்விபி பேஸ்பால் 2005: பழைய பி4 வாங்குறதா, விண்டோஸ் 11-லயே ஓட்டுறதா?

திருமங்கலத்தான்:
எம்விபி பேஸ்பால் 2005-ங்கிற பழைய பிசி கேமோட ஒரிஜினல் டிஸ்க் இருக்கு. விண்டோஸ் 11-ல இன்ஸ்டால் ஆகுது, ஐகானைத் தட்டினா ஒரு நொடி சுத்திட்டு நின்னுடுது. எரர்கூட வரல. விண்டோஸ் எக்ஸ்பி காம்பாட்டிபிலிட்டி மோடு, அட்மின் ரன் ரெண்டும் பாத்தாச்சு. மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் பழைய பென்டியம் 4 (பி4) கம்ப்யூட்டர் செட் தேடலாமா, இல்ல இதுலயே வழியிருக்கா?

ஆனையூர்_அசெம்பிள்:
பி4-க்கே போங்க தம்பி. எக்ஸ்பி காலத்துச் சரக்கை எக்ஸ்பியில போட்டா எந்த வித்தையும் வேண்டாம். 1 ஜிபி ரேம், ஏஜிபி ஸ்லாட்ல போடுற ஜிஃபோர்ஸ் கிராஃபிக்ஸ் கார்டு, 80 ஜிபி ஹார்டு டிஸ்க், அவ்வளவுதான். வாங்கும்போது கேபினெட்டைக் கழட்டச் சொல்லி, ப்ராசஸரைச் சுத்தி நிக்கிற கெபாசிட்டர்களைத் தடவிப் பாருங்க. தலை தட்டையா இருக்கணும். உப்பியிருந்தா அந்த போர்டே வேண்டாம். போர்டுல இருக்கிற சிஆர்2032 பட்டன் பேட்டரியை யோசிக்காம மாத்திடுங்க. ஹார்டு டிஸ்க் சாட்டா வகையா இருந்தா, பயாஸ் செட்டிங்ல டிஸ்க்கைப் பழைய ஐடிஇ மோடுல வைங்க. புது மோடான ஏஎச்சிஐ-ல விட்டா எக்ஸ்பி இன்ஸ்டால் '7பி' எரர் நீலத்திரையில போய் நிக்கும்.

நாகமலை_486:
நோய் ஒண்ணு, அண்ணன் குடுக்கிற மருந்து வேற. நிக்கிறது கேம் இல்ல, டிஸ்க்கில இருக்கிற சேஃப்டிஸ்க்ங்கிற காப்பி தடுப்புப் பூட்டு. அது செக்ட்ரவ்னு ஒரு டிரைவரை நம்பி இருக்கு. விண்டோஸோட அடிமடியான கெர்னல் வரைக்கும் கை நீட்டுற டிரைவர், அதுல பாதுகாப்பு ஓட்டை. அதனால விண்டோஸ் 10-ல மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்க்கவே இல்ல. 2015 செப்டம்பர் அப்டேட்ல விஸ்டா, 7, 8-லயும் அணைச்சிட்டாங்க. காம்பாட்டிபிலிட்டி மோடு 'இது எக்ஸ்பி'ன்னு கேம்கிட்ட பொய் சொல்லும், அவ்வளவுதான். இல்லாத டிரைவரை எங்கிருந்து கொண்டுவரும்? கிரிக்கெட் 07 கேமை புது மெஷின்ல ஓட்டினவங்களுக்கு இந்தத் தலைவலி புதுசில்ல.

செய்ய வேண்டியது: இருக்கிற இன்ஸ்டாலை எடுத்துட்டு, ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல போடாம சி டிரைவ்ல 'கேம்ஸ்'னு ஃபோல்டர் திறந்து அதுல போடுங்க. ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல எழுத விண்டோஸ் விடாது. கேம் எழுதுற ஃபைல் வர்ச்சுவல்ஸ்டோர்ங்கிற மறைவிடத்துக்குப் போயிடும், அப்புறம் கேமை மாத்துற மாட் ஃபைல் போட்டாலும் எடுபடாது. அடுத்து சேஃப்டிஸ்க்ஷிம். அந்த டிரைவர் இல்லாமலே பூட்டுக்குப் பதில் சொல்ற இலவசக் கருவி. டிஸ்க் மட்டும் டிரைவ்ல இருக்கணும். பழைய செக்ட்ரவ்வை நெட்ல தேடி எடுத்து ஏத்திடாதீங்க.

கடைசியா டிஜிவூடூ 2, பழைய கேமோட கிராஃபிக்ஸைப் புது விண்டோஸுக்குப் புரியுற மாதிரி மாத்துற கருவி. அதுல எம்எஸ் ஃபோல்டருக்குள்ள எக்ஸ்86-ல இருக்கிற டிஎல்எல் ஃபைல்களை கேம் ஃபோல்டர்ல போடுங்க. எக்ஸ்64 எடுத்தா ஒண்ணும் நடக்காது, இது 32 பிட் கேம். ஸ்கேலிங்ல 'கீப் ஆஸ்பெக்ட் ரேஷியோ' உள்ளதைத் தேர்வு பண்ணுங்க. இல்லன்னா 4:3 படம் இழுபட்டு பேட்டர் எல்லாம் குண்டோதரனா நிப்பாங்க.

ஆனையூர்_அசெம்பிள்:
ஓடும், ஒத்துக்கிறேன். ஆனா அடிக்க முடியுமா? மணிக்கு 153 கிலோமீட்டர் வேகப்பந்து, எறியுற இடத்துல இருந்து பேட்டர்கிட்ட வர 60 அடி 6 அங்குலத்தைக் கடக்க ஏறக்குறைய 0.4 நொடி. கேம் மோடு (தாமதத்தைக் குறைக்கிற செட்டிங்) இல்லாத எல்இடி டிவி 100 மில்லிசெகண்ட் தின்னா, முழுசா நாலுல ஒரு பங்கு போச்சு. அதுக்கு மேல, படம் கிழியாம இருக்கப் போடுற விசிங்க் செட்டிங் ஒண்ணு ரெண்டு ஃப்ரேம் தாமதம் சேர்க்கும், ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். இந்த கேம்ல பந்து கையை விட்டு வரும்போது நிறம் காட்டும், வெள்ளைன்னா வேகப்பந்து, சிவப்புன்னா வளையுற பந்து. அந்த நிறமே தாமதமா வந்தா எதைப் பாத்து பேட்டைச் சுத்துறது? பழைய டப்பா மானிட்டர், அதான் சிஆர்டி-ல இந்தப் பேச்சே இல்ல.

நாகமலை_486:
டிவி செய்யுற தாமதத்தை விண்டோஸ் 11 தலையில கட்டாதீங்கண்ணே. கேம் மோடு போட்டா பெரும்பகுதி போயிடும். சாதாரண மானிட்டர்னா இன்னும் குறையும். ப்ளூடூத் கேம்பேடுக்குப் பதிலா வயர் கேம்பேடு. விசிங்க்கை அணைச்சிட்டு ரிவாட்யூனர்ங்கிற கருவியில நொடிக்கு 60-க்கு ஃப்ரேமைக் கட்டுங்க. படம் லேசா கிழியும், கை சொன்னபடி கேட்கும்.

உங்க செட்டுக்கு வருவோம். பி4-ம் சிஆர்டி-யும் சேர்ந்து சுமார் 200 வாட்னு வைங்க. தினம் 2 மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 24 யூனிட். 100 யூனிட் இலவசத்துல கால்வாசி பேஸ்பாலுக்கே. சித்திரை வெயில்ல அந்த ஹீட்சிங்க்குக்கு தெர்மல் பேஸ்ட் யார் தடவுறது?

உசிலை_டாஸ்:
நடுவுல ஒண்ணு. விண்டோஸுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் ஓட்டுற வர்ச்சுவல்பாக்ஸ்ல எக்ஸ்பி போடலாம்னு யாராவது கிளம்பிடாதீங்க. அதோட 6.1 பதிப்புல இருந்து எக்ஸ்பிக்கு 3டி கிடையாது, மெனுவோட நிக்கும். அதுவே 1987 ஏர்ல் வீவர் பேஸ்பால் மாதிரி டாஸ் சரக்குன்னா ரெண்டு பேர் சண்டையும் தேவையில்ல, பழைய டாஸ் கேம்களை ஓட்டுற டாஸ்பாக்ஸ் போதும். 'சைக்கிள்'ங்கிற வேக அளவை 1500-ல ஆரம்பிச்சு, மந்தமா இருந்தா கன்ட்ரோல் எஃப்12-ஐத் தட்டி ஏத்துங்க, பந்து பறந்தா கன்ட்ரோல் எஃப்11-ல இறக்குங்க.

திருமங்கலத்தான்:
ஷிம் போட்டதும் மெனு வந்துடுச்சு. 32 இஞ்ச் டிவிலதான் ஓடுது. பந்து தாண்டினப்புறம்தான் பேட் சுத்துது.

நாகமலை_486:
டிவி செட்டிங்ஸ்ல பிக்சர் மோடை 'கேம்' ஆக்குங்க. சில டிவில அது அந்த எச்டிஎம்ஐ போர்ட்டோட பேரை 'பிசி'ன்னு மாத்தினாதான் வரும்.

ஆனையூர்_அசெம்பிள்:
மாத்திப் பாருங்க தம்பி. அப்பவும் லேட்டுன்னா 17 இஞ்ச் சிஆர்டி ஒண்ணு தேடுங்க. விஜிஏ அவுட் இல்லாத லேப்டாப்னா கன்வெர்ட்டர் வேணும். சிஆர்டி கிட்டத்தட்ட அரிசிச் சிப்பம் கனம் இருக்கும், பஸ்ல ஏத்த விடுவாரான்னு கண்டக்டரை முதல்ல கேட்டுக்கங்க.