பிஏஓ எண்ணெயில் கிராஃபீன் அடியில் தங்குகிறது, வழி சொல்லுங்கள்

மசகு எண்ணெயில் நானோ கார்பன் சேர்த்து வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

அடிப்படை எண்ணெய் பிஏஓ (பாலிஆல்ஃபாஓலிஃபின் என்ற செயற்கை எண்ணெய்). அதில் எடையில் 0.1 சதவீதம் கிராஃபீன் தகடுகள் போட்டு, புரோப் சோனிகேட்டரில் (மீயொலி அதிர்வால் கலக்கும் கருவி) கலக்குகிறேன். எடுத்தவுடன் மை மாதிரி ஒரே சீராக இருக்கிறது. மறுநாள் பார்த்தால் மேலே எண்ணெய் வெளிறி, குப்பியின் அடியில் கருஞ்சேறு. சாய்த்தால் கட்டி கட்டியாக நகர்கிறது. இதை, குண்டுகளை உரசவிட்டுத் தேய்மானம் சோதிக்கும் ஃபோர் பால் கருவியில் 392 நியூட்டன், 1200 ஆர்பிஎம், 75 டிகிரி என்று ஒரு மணி நேரம் ஓட்டி, குண்டில் விழும் தழும்பை அளந்து என்ன பயன்? கட்டி உள்ளே புகுந்தால் தேய்மானம் கூடவும் செய்யும்.

ஒலியிக் அமிலம் சேர்த்தால் இன்னும் சற்று நேரம் தாங்குகிறது. ஆனால் சூட்டில் அது ஆக்சிஜனேற்றம் அடையும், அமிலம் என்பதால் உலோகத்தை அரிக்கவும் வாய்ப்புண்டு. அதனால் மனம் ஒப்பவில்லை. என்ஜின் ஆயிலில் புகைக்கரியை மிதக்க வைக்கிற சக்சினிமைடு டிஸ்பர்சன்ட் இதற்கும் உதவுமா? கரியும் கார்பன்தானே! உதவினால் எந்த அளவில் சேர்ப்பது? பின்னால் இசட்டிடிடிபி என்ற தேய்மானத் தடுப்புச் சேர்க்கையைச் சேர்க்கும்போது அதனோடு மோதுமா?

சோனிகேஷன் நேரத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். தகடு உடைகிறது, எண்ணெயும் சூடேறுகிறது.

அப்புறம், கிராஃபீனை விட்டுவிட்டு நானோ வைரத்துக்கு மாறியவர்கள் இருக்கிறீர்களா? உருண்டைத் துகள் என்பதால் படிவது குறையுமா, அல்லது அங்கேயும் இதே தலைவலிதானா?