வயிற்று அறுவைக்குப் பிந்தைய வலி: உங்கள் வார்டு நடைமுறையைப் பகிர வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றும் நான், இக்குழுவிலுள்ள மயக்கவியல் மருத்துவர்களிடமும் மூத்த செவிலியர்களிடமும் வழிகாட்டுதல் கேட்டு எழுதுகிறேன்.

குடலில் ஓட்டை விழுந்து, நடுவயிற்றைத் திறந்து அறுவை செய்யப்பட்டவர்கள் வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடாமலும் இருமாமலும் படுத்திருப்பதால், சளி தேங்கி நுரையீரலில் தொற்று ஏற்படும் அபாயம் உண்டு. அசையாமல் இருக்கும்போது "பரவாயில்லை சிஸ்டர்" என்பவரே, தலையணையை வயிற்றோடு அணைத்து ஒருமுறை இருமச் சொன்னால் முகம் சுருங்கி என் கையை இறுகப் பற்றிக்கொள்கிறார். எனவே அசையும்போது உள்ள வலியையும் 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் கட்டாயம் குறிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் பிரிவில் பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 1 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சிரை வழியே தரப்படுகிறது, போதாவிட்டால் டிரமடால் என்னும் வலுவான வலிநிவாரணி. ஆனால் டிரமடாலால் சிலருக்கு வாந்தி வந்து, ஓங்கரிக்கும்போது தையல் இழுபட்டு வலி இன்னும் கூடுகிறது. சிறுநீர் குறைந்தவர்களுக்கு, சிறுநீரகத்தைக் கருதி டைக்ளோஃபெனாக் என்னும் வலிமருந்தைக் கொடுப்பதில்லை, அது சரியே.

எபிடூரல் (முதுகுத்தண்டருகே மெல்லிய குழாய் வழியே வலிமருந்து செலுத்தும் முறை) வசதி இல்லாத இடங்களில், வயிற்றுச்சுவரை மரத்துப்போகச் செய்யும் டாப் பிளாக் ஊசியின் பலன் தணியும் முன்பே அடுத்த மருந்தை எவ்வாறு திட்டமிடுகிறீர்கள்? மூச்சை மந்தமாக்கக்கூடிய வலிமருந்தான மார்ஃபின் பெற்றவரின் மூச்சு எண்ணிக்கையையும் விழிப்பு நிலையையும், ஆள் குறைவான இரவுப் பணியில் எவ்வளவு இடைவெளியில் பார்க்கிறீர்கள்? மருந்தையும் அளவையும் எங்கள் மருத்துவர்களே முடிவு செய்வார்கள். அவர்கள் முன் வைப்பதற்கு, நீங்கள் பயன்படுத்தும் வலிப் பதிவுத் தாளின் வெற்றுப் படிவம் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.