ஆண் இல்லாமல் குஞ்சு பொரித்த சிங்கி: ஊருணியில் விட இருந்தேன்

கீழக்கரையிலிருந்து

ஜனவரியில் ஒரு வண்ணமீன் கடையில் 'லாப்ஸ்டர்' என்று சொல்லி 150 ரூபாய்க்கு ஒன்று கொடுத்தார்கள். விரல் நீளம், பழுப்பு உடம்பு, பளிங்குக்கல்லில் ஓடுகிற மாதிரி மேலெல்லாம் வெள்ளைக் கோடும் புள்ளியும். தொட்டியில் அது மட்டும்தான். ஒருநாள் சட்டை உரித்துப் போட்டிருந்தது, செத்துவிட்டது என்று நினைத்து அந்த வெற்றுக் கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அப்புறம் பார்த்தால் உடைந்த ஓட்டுக்குப் பின்னால் உயிரோடு உட்கார்ந்திருக்கிறது.

ஏப்ரலில் வாலைச் சுருட்டியபடியே திரிந்தது, தீனிக்குக்கூட வெளியே வரவில்லை. டார்ச் அடித்துக் கீழிருந்து பார்த்தேன். வாலுக்கு அடியில் கறுத்த கடுகைக் கொத்தாக ஒட்டியது போல முட்டை, அவற்றுக்கு நடுவே தாயின் சின்னச் சின்ன வால் கால்கள் விசிறி மாதிரி ஆடிக்கொண்டே இருந்தன. ஆண் இல்லையே, எங்கே பொரிக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன். மே மாதம் தாயின் அச்சாகவே எண்பது குஞ்சு வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ண முடியவில்லை.

தேடிப் படித்த பிறகுதான் விளங்கியது. இது பளிங்குச் சிங்கி, புரோகாம்பரஸ் வர்ஜினாலிஸ். ஃபுளோரிடா பக்கத்து நன்னீர்ச் சிங்கி ஒன்றிலிருந்து கிளைத்தது, 1995 வாக்கில் ஜெர்மனியில் தொட்டி வளர்ப்பவர்களிடம்தான் முதலில் தென்பட்டது. அந்த மூல இனத்துக்குக் குரோமோசோம் இரண்டு தொகுதி, இதற்கு மூன்று, மொத்தம் 276. எல்லாமே பெண், ஆண் சேராமலே பெருகும். 2018இல் இதன் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தவர்கள், வெவ்வேறு நாடுகளில் எடுத்தவையும் ஏறக்குறைய ஒரே தாயின் நகல்கள் என்று காட்டினார்கள். ஒன்றே ஒன்று போதும், ஒரு குளத்தை நிரப்பிவிடும்.

உம்மா பார்த்துவிட்டு, "பாவம், இத்தனையை எங்கே வைப்பாய், ஊருணியில் விட்டுடு, நன்மை கிடைக்கும்" என்றார்கள். வாளியில் அள்ளிக்கொண்டு படி வரை போய்விட்டேன். என் காலடியில் இருந்து ஒரு தவளை குதித்து, மூழ்காமல் தண்ணீர் மேலேயே தத்தித் தத்தி அக்கரைக்குப் போனது. மடகாஸ்கர் நெல்வயல்களில் இந்தச் சிங்கி பரவிக் கிடக்கிற படங்களை முந்தின இரவுதான் பார்த்திருந்தேன். திரும்பி வந்துவிட்டேன். நம் பக்கம் வெளியே எங்காவது இதை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

பாம்பனிலிருந்து

தம்பி, நான் கடல் சிங்கி பிடிக்கிறவன், வெளியே இதைப் பார்த்ததில்லை. கடல் சிங்கிக் குஞ்சு தாய் மாதிரியே இருக்காது. கண்ணாடித்தாள் போலத் தட்டையாக, மாதக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதந்து போய் அப்புறம்தான் உருவம் மாறும். உங்களுடையது பொரிக்கும்போதே சிங்கியாக இருக்கிறது என்றால் அது நம் வயல் நண்டு மாதிரி. சின்ன வயதில் மடையோரம் பிடித்து வயிற்று மடலைத் திறந்தால் பொடி நண்டாக உதிரும். அப்படிப் பிறப்பது விட்ட இடத்திலேயே பெருகும். வாளியோடு திரும்பினது நல்ல வேலை.

தேவிபட்டினத்திலிருந்து

எங்கள் ஊருணி பாதி உவர், கோடையில் வெடித்துப் போகும். அங்கே விட்டால் தானாகச் சாகாதா?

ஆர்.எஸ். மங்கலத்திலிருந்து

அண்ணே, அதை நம்ப வேண்டாம். இதன் உறவுக்காரச் சிவப்புச் சிங்கி உவர்நீரிலும் கிடக்கும், குளம் வற்றினால் வளை தோண்டி ஈரத்தில் பதுங்கிக்கொள்ளும். உப்புக்குத் தாங்காதது தவளைதான். அதன் தோல் வழியே உடம்புத் தண்ணீர் வெளியேறிவிடும். தென்கிழக்கு ஆசிய அலையாத்திக் காடுகளில் நண்டு தின்னும் தவளை ஒன்று இருக்கிறது, அது ரத்தத்தில் யூரியாவைத் தேக்கி உப்பைச் சமாளிக்கிறது என்று தாய்லாந்தில் ஆராய்ந்து 1961இல் எழுதினார்கள். எல்லாத் தவளைக்கும் அது வாய்க்காது.

எங்கள் கண்மாய்க்கரையில் ஐப்பசி முதல் மழை இரவைப் பார்க்க வேண்டும். அது வரை ஒரு தவளைகூடக் கண்ணில் படாது. அன்றைக்கு ஆண் பெருந்தவளைகள் மஞ்சள் பூசியது போல வந்து உட்காரும், கத்தும்போது தொண்டையின் இரு பக்கமும் நீலப் பை புடைக்கும். ஒருமுறை உழவின்போது தம்பியின் கலப்பையில் பந்து மாதிரி ஒன்று புரண்டு வந்தது, பலூன் தவளை. கையில் வைத்துப் பார்த்தோம், பின்னங்காலில் மண்வெட்டி போல ஒரு மேடு. கீழே விட்டதும் முகம் எங்களைப் பார்த்தபடியே இருக்க, பின்பக்கமாக மண்ணுக்குள் இறங்கிவிட்டது. மாதக்கணக்கில் அப்படிக் காத்திருந்து, மழைத் தண்ணீர் நிற்கிற கொஞ்ச நாளுக்குள் தலைப்பிரட்டை தவளையாகிக் கரை ஏற வேண்டும். அந்தத் தண்ணீரில் முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்கிற சிங்கி இருந்தால் என்ன மிஞ்சும்? இன்னொன்று, உலகெங்கும் தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சையைச் சிங்கிகளும் சுமக்கும் என்று 2013இல் அமெரிக்காவில் கண்டார்கள். இந்தியாவுக்கு என்று சொந்த நன்னீர்ச் சிங்கியே கிடையாது, நம் தவளைகள் இதோடு பழகியதே இல்லை.

மறுபடியும் கீழக்கரையிலிருந்து

எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டேன், தாயையும் சேர்த்துத்தான். மனசு கஷ்டமாக இருந்தது. தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மொட்டைமாடியில் ஊற்றிக் காயவிட்டேன். ஆனால் ஜூனில் பெரியபட்டினத்தில் சாச்சி மகனுக்கு இரண்டு குஞ்சு கொடுத்திருந்தேன். நேற்று போன் பண்ணிக் கேட்டால் ஒன்றைக் காணோமாம், தொட்டிக்கு மூடியே போடவில்லை. வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் டார்ச்சும் மீன் தலையும் எடுத்துக்கொண்டு போகிறேன், ராத்திரி இரை வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது கூட வந்தால் நல்லது.